முப்பத்தேழாவது மீட்டரில் எழுபத்து மூன்று

நூலுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய உரிமச் சீட்டிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவதை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் இவர் ஒரு நூல்கண்டு வைத்திருப்பார். எங்கே பள்ளம் தோண்டினாலும் இரண்டு முனையிலும் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டிய பிறகுதான் குழாயைத் தொடுவார். அதனால் அவர் பெயர் நூல்.

வேலை, கழிவுநீர்க் குழாய் பதிப்பது. "நீங்கல்லாம் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு விட்டுட்டுப் போறதை மரியாதையா வழியனுப்பி வைக்கறவன் நான்" என்பார். முப்பத்தைந்து வருடமாக வழியனுப்பிக்கொண்டிருந்தார். அவர் போட்ட குழாய் ஒன்றாவது திருப்பி அனுப்பியது என்று யாரும் புகார் சொன்னதில்லை. ஆளுக்குத் தலைக்கனம் வர அது போதாதா?

பத்தாம் வகுப்பில் அவரைக் கவிழ்த்தது கணக்கு. கணக்கு வாத்தியார் பலகையில் ஒரு புள்ளியைக் கொடுத்து, சாய்வையும் கொடுத்து, "கோட்டின் சமன்பாட்டைக் காண்க" என்று எழுதினார். நூல் எழுந்து நின்று, "கோடே இல்லையே சார், எதைக் காணறது?" என்று கேட்டார். அன்று முழுக்க வகுப்புக்கு வெளியே நின்றார். தேர்வில் முப்பத்து மூன்று வாங்கினார். முப்பத்தைந்து வாங்கியிருந்தால் பாஸ்.

அவரைவிட மூன்று வயது பெரியவர் அக்கா. தம்பி அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தார். "ஆரம்பிக்கற இடத்தைச் சொல்லியாச்சு. எந்தப் பக்கம் எவ்வளவு சாயணும்னும் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் அந்தக் கோடு வேற எங்கடா போக முடியும்?" அன்றைக்கு அது நூலின் மண்டையில் ஏறவில்லை. ஆறு மாதம் கழித்து முதல்முதலாக ஒரு பள்ளத்தில் இறங்கி நூல் கட்டியபோது ஏறியது. குழாய்க்காரர்கள் சாய்வை வாட்டம் என்பார்கள். ஓர் இடத்தில் ஆழம் என்ன, மீட்டருக்கு எவ்வளவு வாட்டம் என்று தெரிந்தால் போதும். அந்தக் குழாய் தெருக்கோடி வரைக்கும் எங்கே எத்தனை ஆழத்தில் கிடக்கும் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். நூலும் சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார்.

இப்படிப்பட்ட மேதையின் அக்கா எங்கே குடியிருந்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கழிவறை கீழே. பதினோரு குடும்பத்துக்கு இரண்டு. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே இருப்பவர் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அக்காவுக்குப் பாட்டு வராது. அதனால் தாழ்ப்பாள் உள்ளதற்கு வாளியோடு வரிசையில் நிற்பார், பிறகு ஓட்டமும் நடையுமாக மருத்துவமனைச் சலவைக் கூடத்துக்குப் போய் நாள் முழுக்க அடுத்தவர் போர்வைகளை மடிப்பார். இருபத்தாறு வருடம் மடித்தார். குடியிருப்பு வாரியத்தில் வீடு கேட்டு எழுதிப் போட்டுப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

"எனக்கு மாளிகையா வேணும்? உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கற மாதிரி ஒரு கக்கூஸ். அது போதும்டா" என்பார்.

ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கழிவறையை ஓட வைத்தவனின் அக்கா வாளியோடு வரிசையில் நிற்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் நூலுக்கு வெட்கமாக இருக்கும்.

அந்த வாரியம் கட்டிய புதுக் குடியிருப்பில்தான் நூலுக்கு வேலை கிடைத்தது. ஒரே தெரு, பதினான்கு வீடு, மேடு பள்ளம் இல்லாத மண். தெருமுனைக் கல்லிலிருந்து அளந்தால் பத்தாவது மீட்டரில் முதல் வீட்டுக்கு எதிரே சேம்பர் என்கிற கழிவுத் தொட்டி, எழுபதாவது மீட்டரில் ஊர்க் கழிவெல்லாம் வந்து சேருகிற பெரிய மேன்ஹோல். நடுவில் அறுபது மீட்டர் குழாய். நூலுக்கு இது பல் விளக்குகிற வேலை.

பொறுப்பில் இருந்த இஞ்சினியர் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தேய்த்த சட்டை, தோளில் பை, காதில் எந்நேரமும் ஃபோன். முதல் நாளே நூல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சார், சேம்பர் மூடி வண்டி போற இடத்துல வருது. கொஞ்சம் ஓரமாத் தள்ளிக்கலாமே."

இஞ்சினியர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். அதில் நூலின் விண்ணப்பம் இருந்தது. விண்ணப்பத்தோடு அந்தப் பாழாய்ப்போன மதிப்பெண் பட்டியலும் இருந்தது.

"பத்தாவதுல கணக்கு முப்பத்து மூணா?" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நீங்க குழாயைப் போடுங்க. கணக்கை நான் பாத்துக்கறேன். படத்துல என்ன இருக்கோ அது போதும்."

பள்ளம் தோண்டுகிறவர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பிகள், இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் குழாய்க்கான படம் வந்தது. மூலையில் ஒரு கட்டத்துக்குள் இரண்டே வரி. பத்தாவது மீட்டரில் ஆழம் நூறு சென்டிமீட்டர். சாய்வு, மீட்டருக்குக் கழித்தல் ஒன்று.

நூல் அதை ஒரு தரம் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தரமும் பார்த்தார். கல்லூரியில் படித்தவர்களுக்கு மேலே போனால் கூட்டல், கீழே இறங்கினால் கழித்தல். தண்ணீர் இறங்க வேண்டுமே என்று இஞ்சினியர் பழக்கதோஷத்தில் கழித்தல் போட்டுவிட்டார். ஆனால் நூறு என்பது ஆழம். தரையிலிருந்து கீழே பார்த்து எண்ணியது. கீழே இறங்க இறங்க அந்த எண் கூடத்தான் வேண்டும். ஆழத்திலிருந்து மீட்டருக்கு ஒன்று கழித்தால் என்ன ஆகும்? குழாய் மேலே ஏறும். மேன்ஹோலில் நூற்று அறுபதில் போய்ச் சேர வேண்டியது நாற்பதிலேயே போய் நிற்கும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சார், அந்தக் கழித்தல் கூட்டலா இருக்கணும்." அவ்வளவுதான். அதைச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கூடவே அந்த முப்பத்து மூன்றும் வந்தது. நூல் படத்தை மடித்துப் பையில் வைத்தார். "கணக்கை அவர் பாத்துக்கறாராம். பாக்கட்டும்."

உண்மையைச் சொன்னால், குழாயை மூட விடுகிற எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. போகப் போகப் பள்ளம் மேலேறும், எந்தக் குருடனுக்கும் தெரியும், இஞ்சினியர் வந்து பார்த்துப் பதறுவார், அப்போது "கணக்குல முப்பத்து மூணு வாங்கினவன் என்ன சார் கண்டேன்" என்று ஒரு போடு போடலாம். அந்த ஒரு வசனத்துக்காக மூன்று நாள் படத்தில் உள்ளபடியே, மயிரிழை பிசகாமல், ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தப்பாகப் பதித்தார். அவர் வாழ்க்கையிலேயே அத்தனை கவனமாகச் செய்த வேலை அது.

"அண்ணே, பள்ளம் மேல ஏறிக்கிட்டே போகுதே?" என்றார் தோண்டுகிறவர்களில் மூத்தவர்.

"உனக்கென்ன, தோண்டற வேலை குறைஞ்சா கசக்குதா?"

கசக்கவில்லை. மேன்ஹோல் சுவரில் நூற்று அறுபதில் வாரியம் விட்டுவைத்திருந்த துவாரத்தைச் சும்மா விட்டுவிட்டு, நாற்பதில் புதுசாக ஒன்று உடைத்தார்கள். இஞ்சினியர் பள்ளத்தோரமாக நாலு தடவை போனார், நாலு தடவையும் ஃபோனில் பேசிக்கொண்டே போனார். மூன்றாம் நாள் தார் போடுகிற வண்டி வந்து நின்றது. நூல் வாயைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம், இந்த..."

"இன்னுமா மூடல? மண்ணைத் தள்ளுங்க, தள்ளுங்க!"

நூல் வாயை மூடிக்கொண்டார். குழாயையும் மூடினார்கள். யாரோ முன்பின் தெரியாதவர்கள்தானே வந்து குடியேறப் போகிறார்கள், அவர்கள் கத்துகிற கத்தலில் இஞ்சினியர் காதிலிருந்து ஃபோன் விழட்டும் என்று நினைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

பத்து நாள் கழித்து வாரியம் குலுக்கல் போட்டு வீடுகளைப் பிரித்துக் கொடுத்தது. அன்று மத்தியானம் அக்காவிடமிருந்து ஃபோன். பத்தொன்பது வருடம் காத்திருந்த குரல் எப்படியெல்லாம் துள்ளும் என்று நூல் அன்றுதான் கேட்டார்.

"டேய், கிடைச்சிருச்சுடா! நீ வேலை பாத்தியே, அதே தெரு! முதல் வீடு!"

"பத்தாவது மீட்டர் வீடா?"

"என்னடா மீட்டர்? நம்பர் ஒண்ணு! உள்ள தாழ்ப்பாள் இருக்குடா, நான் போட்டுப் போட்டுப் பாத்தேன்!"

நூல் டீயைப் பாதியிலேயே கீழே வைத்தார். அப்போதே போய் உண்மையைக் கக்கியிருக்கலாம். கக்கினால் உரிமம் போய்விடும். ஐம்பத்தொரு வயதில் வேறு எந்தப் பள்ளத்தில் இறங்குவது? கொஞ்ச நாள் போகட்டும் என்றிருந்தார். குழாய் தானாகப் புரண்டு படுக்கும் என்று நம்புகிற அளவுக்கு அவர் மடையர் இல்லை, இருந்தாலும் நம்பிப் பார்த்தார்.

பதினான்கு வீட்டிலும் ஆள் வந்தார்கள். தண்ணீர் எப்படியோ நிரம்பி வழிந்து மேன்ஹோலுக்குப் போய்விட்டது. கெட்டியானதெல்லாம் மேடேற மாட்டேன் என்று உருண்டு திரும்பி அக்கா வீட்டு வாசலில் குடியேறியது. மூன்றாவது வாரம் அது கதவைத் தட்டாமல் உள்ளேயும் வந்துவிட்டது. அக்கா ஃப்ளஷ்ஷை அழுத்தினால் கீழே போக வேண்டியது மேலே வந்தது. தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே, பதினான்கு வீட்டுச் சரக்கோடு அக்கா தனியாக நின்றார்.

தம்பியைத்தானே கூப்பிடுவார்? நூல் ஓடி வந்து கம்பியை விட்டுக் குத்தினார். குத்தினால் ஒரு நாள் போகும், மறுநாள் வரும்.

"என்னடா ஆச்சு இதுக்கு?"

"புதுக் குழாய்க்கா. பழகணும். சரியாயிடும்."

அக்கா நம்பினார். தம்பி சொன்னால் குழாய் பழகும் என்றே நம்பினார். மறுபடி காலையில் வாளியை எடுத்துக்கொண்டு பழைய வீட்டுக்கே நடந்து போய், விட்டு வந்த அதே வரிசையில் நிற்க ஆரம்பித்தார். பழைய அண்டை வீட்டுக்காரி ஒருத்தி, "என்ன, புது வீடு கிடைச்சும் பழைய கக்கூஸைப் பிரிஞ்சு இருக்க முடியலையோ?" என்று கேட்டாளாம். அதை அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நூலுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

தெருக்காரர்கள் விடுவார்களா? வாரியத்துக்குப் புகார் போனது. ஒரு காலையில் மேலதிகாரி அம்மா நேரிலேயே வந்து இறங்கினார். பதினான்கு வீட்டாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடினார்கள். அக்கா, கையில் துடைப்பமும் வாளியுமாகத் தன் வாசற்படியில் நின்றார்.

இஞ்சினியர் முந்திக்கொண்டார். "மேடம், படத்துல தப்பில்ல. இவங்க அக்கறை இல்லாம போட்டிருக்காங்க. குழாய் அங்கங்க தொங்கிப் போயிருக்கும்."

மேலதிகாரி நூலைப் பார்த்தார். "உங்க உரிமத்தை ரத்து பண்ணிடலாமா? என்ன சொல்றீங்க?"

உரிமத்துக்கு உரிமம், மானத்துக்கு மானம். அவர் போட்ட குழாய் தொங்குவதாவது! திருடன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வார், அக்கறை இல்லாதவன் என்றதும் நூலுக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் அக்கா நிற்பதுகூட மறந்து போயிற்று.

"மேடம், பத்துக்கும் எழுபதுக்கும் நடுவுல ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்க மேடம்."

"முப்பத்தேழு."

நூல் பென்சிலை எடுத்து உள்ளங்கையிலேயே எழுதினார். பத்தாவது மீட்டரில் நூறு. வாட்டம் கழித்தல் ஒன்று. முப்பத்தேழிலிருந்து பத்து போனால் இருபத்தேழு. ஆழம் கழித்தல் நூறு என்பது, கழித்தல் ஒன்று பெருக்கல் இருபத்தேழு. ஆக ஆழம் நூற்றிலிருந்து இருபத்தேழு குறைவு.

"எழுபத்து மூணு. முப்பத்தேழாவது மீட்டர்ல ரோட்டைத் தோண்டுங்க. குழாயோட அடி எழுபத்து மூணு சென்டிமீட்டர்ல இருக்கும். ஒரு சென்டிமீட்டர் முன்னப் பின்ன இருந்தா உரிமத்தை நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

அண்ணன் தம்பிகள் டேப் பிடித்து, முப்பத்தேழில் கோடு கிழித்து, கடப்பாரையைப் போட்டார்கள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாற்றத்துக்கும் அது வசதியாக இருந்தது. அரை மணியில் குழாய் தெரிந்தது. பக்கவாட்டில் பறித்து அடிவரைக்கும் டேப்பை இறக்கினார்கள்.

"எழுபத்தெட்டு" என்றார் மூத்தவர்.

"பாத்தீங்களா மேடம்!" என்று இஞ்சினியர் குதித்தார்.

"தார் அஞ்சு சென்டிமீட்டர் சார்" என்றார் நூல். "அது நான் போட்டதில்ல."

தார் விளிம்பில் டேப்பை வைத்தார்கள். சரியாக ஐந்து. தெருவில் ஒருவர் கை தட்ட, பதினான்கு வீடும் மூக்கை விட்டுவிட்டுக் கை தட்டியது. நூல் இஞ்சினியரின் படத்தை விரித்து மேலதிகாரியிடம் கொடுத்தார். "அறுபது மீட்டர்லயும் எங்க வேணா கேளுங்க மேடம். தெருமுனைக் கல்லுல இருந்து உள்ள தூரத்தை நூத்திப் பத்துல கழிச்சா ஆழம். படத்துல உள்ளபடியே போட்டிருக்கேன். அந்தக் கழித்தல் குறி நான் போட்டதில்ல."

மேலதிகாரி படத்தையும் இஞ்சினியரையும் மாறி மாறிப் பார்த்தார். இஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. நூலுக்கு அன்றைக்கு இருந்த பெருமை! முப்பத்து மூன்றுக்கு முப்பத்தைந்து வருட வட்டியோடு பதில் சொல்லியாகிவிட்டது. இத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த அந்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"டேய்."

வாசற்படியிலிருந்து அக்கா இறங்கி வந்தார். வாளி கையிலேயே இருந்தது. பள்ளத்தையும் எட்டிப் பார்த்தார், தம்பியின் உள்ளங்கையையும் பார்த்தார்.

"தோண்டாமலே எழுபத்து மூணுன்னு சொன்னியே. அப்ப, போடறப்பவே தெரியுமா, இது மேல ஏறுதுன்னு?"

கைதட்டல் நின்றுவிட்டது. பொய் சொல்ல நூலுக்கு நேரம் இருந்தது. ஆனால் கணக்கு உள்ளங்கையிலேயே எழுதியிருந்தது.

"தெரியும்க்கா."

"பழகும்னு சொன்னியே."

"சொன்னேன்."

"ஏன்டா?"

"அவர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேவலமாப் பேசிட்டார்க்கா. அந்தக் கோபம். சத்தியமா அது உன் வீடுன்னு எனக்குத் தெரியாது. யாரோ வரப் போறாங்கன்னு..."

"யாரோன்னா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "பத்தொம்பது வருஷம் வாளியைத் தூக்கிக்கிட்டு நின்ன வேற யாரோ ஒருத்தி. அவ வீட்டுக்குள்ள வந்தா உனக்குப் பரவாயில்லையா?"

நூலுக்கு அழுகைதான் வந்தது, ஐம்பத்தொரு வயசு ஆம்பளைக்கு, பதினான்கு வீட்டார் முன்னால். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிற்கவில்லை.

அக்கா வாளியை அவர் கையில் திணித்தார். "புதுக் குழாய் போட்டு முடிக்கற வரைக்கும் நீ என் வீட்டுலதான் இருக்கற. என் கக்கூஸுக்குத்தான் போற. கழுவறதும் நீதான்." பிறகு இஞ்சினியர் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான் சார். உள்ள தாழ்ப்பாள் எல்லாம் இருக்கு."

மேலதிகாரி அம்மா இருமலை அடக்குகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து இதைச் சரிசெய்து காட்டினால் உரிமத்தையும் வேலையையும் பற்றி அப்புறம் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஐந்து நாள் ஆனது. இந்தத் தடவை பள்ளம் இறங்கிக்கொண்டே போனது. அண்ணன் தம்பிகள் தோண்டிக்கொண்டே திட்டினார்கள். கட்டத்துக்குள் கூட்டல் ஒன்று என்று மாற்றி எழுதி, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டார் இஞ்சினியர். தேய்த்த சட்டையோடு பள்ளத்தில் இறங்கி, கட்டுகிற நூலின் மறுமுனையைப் பிடித்தார். ஃபோன் பையிலேயே அடித்து ஓய்ந்தது. இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் அக்கா வீட்டுக் கழிவறைக்கு யார் முதலில் போவது என்பதில் மட்டும், "நீங்க போங்க சார்", "இல்லண்ணே, நீங்க போங்க" என்று ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

முப்பத்தேழாவது மீட்டர் வந்ததும் இஞ்சினியர் தானாகவே தாருக்குக் கீழிருந்து டேப்பை இறக்கினார். நூற்று இருபத்தேழு. நூல் தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நூல் எழுபதாவது மீட்டரில் மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு குப்புறப் படுத்தார். கண், நூற்று அறுபதில் இருந்த துவாரத்தின் மேல். காதில் ஃபோன். மறுமுனையில், தெருவின் முதல் வீட்டில், அக்கா.

"அழுத்தட்டுமாடா?"

"அழுத்துக்கா."

சத்தம் ஃபோனில் கேட்டது. துவாரத்தில் ஒன்றும் இல்லை. நூல் மனதுக்குள் மீட்டர் மீட்டராக எண்ணினார். முப்பது, முப்பத்தேழு, ஐம்பது. வாழ்க்கையில் எத்தனையோ குழாய் போட்டிருக்கிறார், ஒருநாளும் இப்படி எண்ணிக்கொண்டு படுத்திருந்ததில்லை.

"வந்துச்சாடா?"

"இரு."

"டேய், வந்துச்சா இல்லையா?"

துவாரத்திலிருந்து தண்ணீர் பொத்துக்கொண்டு கொட்டியது. கொஞ்சம் அவர் முகத்திலும் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"வந்துருச்சுக்கா."



"சரி, ஃபோனை வை" என்றார் அக்கா. வைப்பதற்கு முன்னால், கதவு சாத்துகிற சத்தமும் தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் நூலுக்குக் கேட்டது.